சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பி, வழியில் எங்கும் இறங்காமல் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் போய் இறங்கும் விமானம், அட்டவணைப்படி ஓடும் பயணிகள் சேவைகளில் உலகிலேயே மிக நீளமானது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர், வேலை மாறிப் போகிறவர்கள், பேரக்குழந்தையைப் பார்க்கக் கிளம்பும் தாத்தா பாட்டிகள் என்று பலரும் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் விடைகளில் பாதி ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒரு தளம் 15,000 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 16,000-க்கு மேல் என்கிறது. ஒன்று 17 மணி நேரம், மற்றொன்று 19. அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தொலைவு எவ்வளவு?

சாங்கிக்கும் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே 15,349 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 9,537. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் ஏறத்தாழ 8,288. பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே இருக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. இதைப் பெருவட்டத் தொலைவு என்பார்கள். விமானம் எந்த வழியாகப் போனாலும் இந்த எண் மாறாது. இரண்டு இடங்களும் நகர்ந்தால்தான் மாறும்.

நியூயார்க் நகருக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கும் நியூவர்க் விமான நிலையம். சாங்கியிலிருந்து அதற்கும் நேரடி விமானம் போகிறது. அந்தத் தொலைவு 15,344 கிலோமீட்டர். ஐந்தே கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான் உலக சாதனை கென்னடிக்குப் போயிருக்கிறது.

இதை நானே சரிபார்க்க முடியுமா?

முடியும். இந்த ஒரு பாதைக்கு மட்டும் அது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. எனக்கு இந்தப் பாதையின் மீது இவ்வளவு பிடிப்பு ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு மிக அருகில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 73.8 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 177.8 வருகிறது. 180 வந்திருந்தால் இரண்டும் பூமியின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கும் தீர்க்கரேகைகள் என்று பொருள். அப்படிப்பட்ட இரு இடங்களுக்கிடையே குறுக்கு வழி வடதுருவத்தின் மீதே போகும். நமக்கு இரண்டு பாகைதான் குறைகிறது. ஆகவே துருவத்தின் வழியாகவே போவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

சாங்கி இருப்பது வட அட்சரேகை 1.36 பாகையில். அங்கிருந்து துருவம் வரை ஏற 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க்கின் 40.64 பாகைக்கு இறங்க 49.36. மொத்தம் 138 பாகை. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படித்தான் பிறந்தது. 138-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,335 கிலோமீட்டர் வரும். துல்லியமான கணக்குக்கும் இதற்கும் 14 கிலோமீட்டர்தான் வித்தியாசம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புவியியலும் கணக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

வேறு நகரங்களுக்கு இந்தச் சுருக்கு வழி உதவாது. அங்கே கோள முக்கோணவியல் வேண்டும், அல்லது ஓர் உலக உருண்டையும் நூலும் வேண்டும். நூலை இரு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் அது போகும் வழிதான் குறுக்கு வழி.

அப்படியானால் 16,700 கிலோமீட்டர் என்று சொல்வது எதை?

2018-ஆம் ஆண்டு இந்தச் சேவையை மீண்டும் தொடங்கப் போவதாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்தபோது அந்த நிறுவனமே சொன்ன எண் அது. சாங்கிக்கும் நியூவர்க்குக்கும் இடையே விமானம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர் பறக்கும், பயணம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்றார்கள். 15,344 என்பது வரைபடத்துத் தொலைவு. 16,700 என்பது விமானம் உண்மையில் கடக்கும் வழியின் நீளம். ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கூடுதல்.

யாராவது உங்களிடம் ஒரு தொலைவைச் சொன்னால் இந்த இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்கு வழி இருக்கும்போது ஏன் சுற்றிப் போக வேண்டும்?

குறுக்கு வழி எந்த ஊர்களின் மேலே போகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கு. தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் சிச்சுவான் பகுதி, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல். வடதுருவத்துக்குச் சுமார் 280 கிலோமீட்டர் பக்கத்தில் கடந்து, கனடாவின் வடகோடித் தீவுகளின் மேல் இறங்கி, கியூபெக் மாநிலம் வழியாக நியூயார்க். வரைபடத்தில் அழகான கோடு. ஆனால் அதில் பறப்பதற்குத் தடைகள் பல.

திபெத்தியப் பீடபூமியின் கிழக்கு விளிம்பை ஒட்டிப் போகும்போது, விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே தாழ இறங்க வேண்டும். கீழே உயர்ந்த மலைகள் இருந்தால் இறங்க இடமிருக்காது. அதற்கென்று தனித் திட்டம் வகுக்க வேண்டும். துருவப் பகுதியில் வெளிக்காற்று அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கும் நாட்களில் எரிபொருளின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானங்களில் பொதுவாக ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருள் உறையும் எல்லை மைனஸ் 47 பாகை செல்சியஸ். சூரியப் புயல் வீசும் நாட்களில் துருவப் பகுதியில் வானொலித் தொடர்பு கெடும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டு, உலகின் நெடுந்தூரப் பாதைகள் பலவும் மாற்றி வரையப்பட்டன. இருந்தும் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்று.

காற்று அந்த அளவுக்கு நேரத்தை மாற்றுமா?

மாற்றும். பயண நேரத்தைப் பற்றிய மொத்தப் புதிருக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

விமானங்கள் பறக்கும் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற வேகமான காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலேயும் வட பசிபிக்கிலும் அது மிகவும் வலுப்பெறும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

ஒரு சிறு கணக்கு. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வழியில் 5,000 கிலோமீட்டருக்கு மட்டும் மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று முதுகில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைப் பொறுத்து வேகம் 1,050. அந்தத் துண்டைக் கடக்க 4 மணி 46 நிமிடம். அதே காற்று முகத்தில் அடித்தால் வேகம் 750. நேரம் 6 மணி 40 நிமிடம். தொலைவு ஒன்றுதான், இடைவெளி ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதனால்தான் 1,000 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி, நல்ல காற்றைப் பிடித்துப் போவது பல நாட்களில் லாபமாக இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை வகுக்கிறார்கள். நேற்று உங்கள் நண்பர் அலாஸ்கா பக்கமாகப் போனார் என்பதற்காக நாளை நீங்களும் அப்படியே போவீர்கள் என்று சொல்ல முடியாது.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம்தானா?

அட்டவணையைப் பார்த்தால் இரண்டு திசையிலும் ஏறத்தாழ பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரத்துக்குள் இருக்கிறது. மற்ற நெடுந்தூரப் பாதைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாகப் படும். லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்கும் திரும்புவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஒரு திசையில் காற்று தள்ளுகிறது, மறு திசையில் எதிர்க்கிறது.

சிங்கப்பூரும் நியூயார்க்கும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் இங்கே ஓர் அருமையான வாய்ப்பு கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே போனாலும் நியூயார்க் வரும். நியூயார்க்கிலிருந்து கிழக்கே போனாலும் சிங்கப்பூர் வரும். ஆகவே போகும் விமானம் தென்சீனக் கடல், ஜப்பானை ஒட்டிய கடல், வட பசிபிக், வட அமெரிக்கா என்று காற்றோடு போகலாம். திரும்பும் விமானம் அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியப் பகுதி என்று மறுபடியும் காற்றோடு வரலாம். இரண்டு பயணமும் கிழக்கு நோக்கியே. அப்படி அமைந்த நாளில் பயணி தனக்கே தெரியாமல் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பார். ஒரே ஒரு டிக்கெட், ஒரே ஓர் இடத்தில் இறக்கம், உலகம் சுற்றியாயிற்று. இருக்கைத் திரையில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எல்லா நாளும் இப்படி அமையாது. சில நாட்களில் திரும்பும் விமானம் வடக்கே துருவத்தின் பக்கமாக ஏறி வருவதும் உண்டு.

தொலைவை வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டில் ஏன் 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறது?

டிக்கெட்டில் இருப்பது வாயிலிலிருந்து வாயில் வரையுள்ள நேரம். விமானம் சாங்கியில் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து நியூயார்க்கில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்கு நகர்வது, வரிசையில் காத்திருப்பது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, நியூயார்க் வானில் நெரிசல் என்று எல்லாம் அதற்குள் அடங்கும். 15,349 கிலோமீட்டரை 18 மணி 40 நிமிடத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 822 கிலோமீட்டர்தான் வருகிறது. விமானம் மெதுவாகப் போகிறது என்று இதற்குப் பொருளல்ல. மேலே சொன்ன சுற்றும் காத்திருப்பும் சேர்ந்த கணக்கு அது.

வானில் இருக்கும் நேரம் பல நாட்களில் 18 மணிக்குள் அடங்கிவிடும். 2018 அக்டோபர் 11 அன்று கிளம்பிய முதல் விமானமே 18 மணி நேரத்துக்குள் நியூவர்க்கில் இறங்கிவிட்டது.

எந்தத் தேதியில் போய்ச் சேருவேன்?

மிக அதிகமாகப் பிழை நேரும் இடம் இதுதான். பிழை நேர்ந்தால் அதற்கான விலையும் அதிகம். ஓட்டல் ஒரு நாள் முன்பே பதிவாகிவிடும், அழைக்க வருகிறவர் வேறு நாளில் வந்து நிற்பார்.

சிங்கப்பூரின் கடிகாரம் நியூயார்க்கை விடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முன்னே ஓடுகிறது. மாறுவது அமெரிக்கக் கடிகாரம். அவர்கள் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பின்னே வைக்கிறார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. சூரியனைப் பார்த்து வைத்திருந்தால் சிங்கப்பூர் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்னே இருந்திருக்கும். 1982 ஜனவரி 1 முதல்தான் இப்போதைய நேரம். அங்கே காலை ஏழு மணிக்குச் சூரியன் உதிப்பது அதனால்தான்.

கணக்குப் போடும் முறை ஒன்றுதான். புறப்படும் நேரத்தை முதலில் சேருமிடத்துக் கடிகாரத்துக்கு மாற்றுங்கள். பிறகு பயண நேரத்தைக் கூட்டுங்கள்.

சனிக்கிழமை அதிகாலை 12:05 மணிக்குச் சாங்கியில் புறப்படுகிறீர்கள், கோடைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை நண்பகல் 12:05. அதோடு 18 மணி 40 நிமிடம் கூட்டினால் சனிக்கிழமை காலை 6:45. பத்தொன்பது மணி நேரம் பறந்தும் அதே சனிக்கிழமை விடியற்காலையில் இறங்குகிறீர்கள். குளிர்காலமானால் காலை 5:45.

திரும்புவது இப்படி இல்லை. திங்கட்கிழமை இரவு 10:30 மணிக்கு நியூயார்க்கில் ஏறுகிறீர்கள். சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 10:30. அதோடு 18 மணி 50 நிமிடம் கூட்டினால் புதன்கிழமை அதிகாலை 5:20. செவ்வாய்க்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்துவிடும். செவ்வாய்க்கிழமையில் ஏதாவது விரதமோ, பணம் கட்ட வேண்டிய கெடுவோ இருந்தால் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள்.

பசிபிக் வழியாகப் போகும்போது சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்கிறோமே, அதற்கு ஒரு நாள் கழிக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டு ஊர்களின் கடிகாரங்களுக்குள் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. நடுவில் எந்தக் கோட்டைக் கடந்தாலும் கணக்கு மாறாது.

நள்ளிரவு 12:05 விமானத்துக்கு எந்த நாள் விமான நிலையம் போக வேண்டும்?

டிக்கெட்டில் சனிக்கிழமை என்று இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே போய்விட வேண்டும். சனிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இதை வாயால் சொன்னால் போதாது. “வெள்ளி இரவு 9 மணிக்கு விமான நிலையம்” என்று தமிழில் எழுதி, டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

எந்த விமானம்? இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் எப்படிப் போதுகிறது?

ஏர்பஸ் ஏ350-900 விமானத்தின் அதிநெடுந்தூர வகை. பெயரின் கடைசியில் யூ.எல்.ஆர். என்று சேர்ப்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏழு விமானங்களை வாங்கியது. சாதாரண வகையைவிட 24,000 லிட்டர் கூடுதலாக, மொத்தம் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். தனித் தொட்டி எதுவும் வைக்கவில்லை. இருந்த தொட்டிகளின் அமைப்பையே மாற்றி இடம் கண்டார்கள்.

தொட்டிகள் நிரம்பியிருந்தால் எரிபொருளின் எடை மட்டும் 130 டன்னுக்கு மேல். விமானம் மேலெழும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 280 டன்தான். ஏறத்தாழ பாதி எரிபொருள்! அதில் கணிசமான பங்கு, மிச்ச எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது. நெடுந்தூர விமானத்தின் அடிப்படைச் சிக்கலே இதுதான். தூரம் கூடக் கூட, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் முந்தியதைவிட விலையேறும்.

எகானமி வகுப்பு ஏன் இல்லை?

அதே எடைதான் காரணம். இந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அதே நிறுவனம் மற்ற நெடுந்தூரப் பாதைகளில் ஓட்டும் ஏ350-900 விமானத்தில் 253 இருக்கைகள். முன்பக்கச் சரக்கறையையும் இந்த வகையில் பயன்படுத்துவதில்லை. ஆள் குறைவு, சரக்குக் குறைவு, ஆகவே டிக்கெட் விலை அதிகம். மலிவான டிக்கெட் வேண்டுமென்றால் ஒருமுறை இறங்கி ஏறும் விமானம்தான் வழி.

இதற்கு முன்பும் இந்தப் பாதை இருந்திருக்கிறது. 2004 ஜூனில் ஏ340-500 விமானத்தோடு நியூவர்க் சேவை தொடங்கியது. 2008-இல் அதை 100 இருக்கைகள் கொண்ட முழு பிசினஸ் விமானமாக மாற்றினார்கள். நான்கு எஞ்சின் விமானம், எரிபொருளை விழுங்கியது. எண்ணெய் விலை ஏறியபின் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சினிலேயே இதைச் சாதிக்கும் விமானம் வரும் வரை ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கென்னடி விமான நிலையத்துக்கான நேரடிச் சேவை 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே தொடங்கியது.

விமானிகள் 18 மணி நேரமும் விழித்திருப்பார்களா?

இல்லை. 2018-இல் முதல் விமானத்தில் போனவர்கள் நான்கு விமானிகள்: இரண்டு கேப்டன்கள், இரண்டு துணை விமானிகள். முறை வைத்து ஓட்டுவார்கள். மற்றவர்கள் பயணிகள் கண்ணில் படாத படுக்கையறையில் உறங்குவார்கள். பணிப்பெண்களும் பணியாளர்களுமாக 13 பேர், அவர்களுக்கும் தனிப் படுக்கைகள் உண்டு.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போனால் எவ்வளவு கூடும்?

சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் ஏறத்தாழ 10,270 கிலோமீட்டர். அங்கிருந்து நியூயார்க் 6,200. மொத்தம் 16,500-ஐ நெருங்குகிறது. வரைபடத்துத் தொலைவில் 1,100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேரத்தில் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ கூடும். முழங்கால் வலி உள்ளவர்கள், நீண்ட நேரம் உட்கார முடியாதவர்கள் அந்த ஐந்து மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு நடுவில் இறங்கி நடப்பது நல்லது என்பது என் கருத்து. வேகம் எல்லாருக்கும் முதல் தேவை அல்ல.

சென்னையிலிருந்து நியூயார்க் போக இந்த விமானத்தைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். தொலைவுக் கணக்கில் வீண். சென்னை – நியூயார்க் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 13,480 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் எதிர்த் திசையில் 2,920 கிலோமீட்டர் போய், பிறகு 15,349. கூட்டினால் 18,270. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் அதிகம்.

லண்டன் வழியைப் பாருங்கள். சென்னை – லண்டன் 8,230, லண்டன் – நியூயார்க் 5,540. மொத்தம் 13,770. நேர்க்கோட்டைவிட 300 கிலோமீட்டர்தான் கூடுகிறது. லண்டன் ஏறத்தாழ வழியிலேயே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். துபாய் வழியாக 13,950 வரும். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லண்டன் வடக்கே எங்கோ ஒதுங்கி இருப்பதுபோலத் தோன்றும். உருண்டையில் நூல் பிடித்தால் உண்மை தெரியும். சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் தங்கிப் போக வேண்டும் என்றால் அது வேறு. அப்படி ஒரு காரணம் இல்லாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன்.

இதைவிட நீண்ட விமானம் வருமா?

வரப்போகிறது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்க ஏ350-1000 விமானங்களை 2022-இல் வாங்க முடிவு செய்தது. சிட்னி – லண்டன் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர், பயணம் 20 மணி நேரத்தைத் தாண்டும். அது ஓடத் தொடங்கும் நாளில் சிங்கப்பூர் பாதை முதலிடத்தை இழக்கும். பூமியில் எந்த இரண்டு இடங்களும் 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் விலகியிருக்க முடியாது. அதற்கப்பால் போனால் மறுபக்கமாக நெருங்கத் தொடங்கிவிடுவோம்.

உடம்புக்கு என்ன கவனிக்க வேண்டும்?

அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர்களும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தனியாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த ஊர்க் கடிகாரப்படி? 12 மணி நேரம் புரண்டுவிடுவதால் “காலை மாத்திரை” என்ற சொல்லே வழியில் பொருளிழந்துவிடுகிறது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் 19 மணி நேரம் கைக்கு எட்டாது.

சைவ உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். ஏறியபின் கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

நியூயார்க்கில் இறங்கி வேறு ஊருக்குப் போகிறேன். எவ்வளவு இடைவெளி வேண்டும்?

அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் பெட்டியை ஒப்படைத்து, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் அடுத்த விமானத்தை எடுக்க வேண்டாம். எடுக்கும்போது அது எந்த விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்றும் பாருங்கள். கென்னடியில் இறங்கி நியூவர்க்கில் ஏறுவதாக டிக்கெட் இருந்தால் நடுவில் நியூயார்க் நகரத்தையே சாலை வழியாகவோ ரயிலிலோ கடக்க வேண்டும். காலை நெரிசலில் அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடும்.